தினம் ஒரு படம், முழுசாக ஓர் ஆண்டு: ராமநாதபுரம் கடற்கரையில் போட்டோ கற்றுக்கொள்ள முழுமையான வழிகாட்டி

மண்டபம் ஊரில் இருந்துகொண்டு, தினம் ஒரு படம் எடுக்கும் இந்த ஓராண்டுப் பயிற்சியை இரண்டு தடவை முழுதாக முடித்திருக்கிறேன். அப்புறம் பாம்பன், தங்கச்சிமடம், கீழக்கரைப் பக்கத்துப் பிள்ளைகள் சிலரோடு கூடவே நடந்து, அவர்கள் எங்கே தடுமாறுகிறார்கள் என்றும் பார்த்திருக்கிறேன். அநேகமாக மூன்றாவது வாரத்தில்தான் தடுமாறுகிறார்கள், அதுவும் வரிசை தெரியாததால். முதல் நாளே தனுஷ்கோடிக்கு வண்டியை விட்டு உதயத்தை இருநூறு படம் எடுப்பார்கள், அடுத்த நாலு நாளும் அதையே எடுப்பார்கள், அதற்கப்புறம் எடுக்க ஒன்றுமில்லை என்று உட்கார்ந்துவிடுவார்கள்.

அதனால் இதை வரிசை மாறாமல் செய்யுங்கள். இந்தக் கரையில் கடலும் காற்றும் மீன்பிடி நாட்களும் ஆண்டு முழுக்க ஒரு ஒழுங்கில் மாறுகின்றன. அந்த ஒழுங்கிலேயே பாடத்தையும் அடுக்கிக்கொண்டால், எதை எப்போது கற்பது என்று தனியாகத் திட்டம் போட வேண்டியதில்லை.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

போன் போதும். கேமரா இருந்தால் நல்லது, இல்லையென்று வாங்க ஓடாதீர்கள், முதல் ஆறு மாதம் கழித்து எது தேவை என்று உங்களுக்கே தெரியும். கேமரா வைத்திருப்பவர்கள் ஒரே ஒரு லென்ஸோடு ஆரம்பியுங்கள். ஜூம் லென்ஸ் என்றால் 35 மி.மீ. அளவில் வைத்து அசையாமல் விட்டுவிடுங்கள். போனில் ஒன்று என்று காட்டும் பிரதான லென்ஸ் மட்டும். விரலால் இழுத்துப் பெரிதாக்குவது பல போன்களில் படத்தை வெட்டிப் பெரிதாக்குவதுதான், கிட்டே போவதற்கு அது ஈடாகாது. ஜூமை எடுத்துவிட்டால் கால் நடக்க ஆரம்பிக்கும். எங்கே நிற்பது என்பதுதான் முதல் பாடம், அதைக் கால்தான் கற்றுத்தரும்.

அப்புறம் ஒரு நாற்பது பக்க நோட்டும் பேனாவும். இதைப் பலர் அலட்சியமாக விட்டுவிடுகிறார்கள். போனிலேயே எழுதிக்கொள்கிறேன் என்றவர்களில் ஒருவர்கூட இரண்டாம் மாதத்தைத் தாண்டி எழுதி நான் பார்த்ததில்லை.

இடம் எவ்வளவு வேண்டும் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். ஒரு நாளுக்கு அதிகபட்சம் 20 படம், 365 நாளுக்கு 7,300. ஒரு படம் 4 எம்பி என்றால் ஏறத்தாழ 29 ஜிபி. கேமரா பதிந்ததை அப்படியே வைக்கும் ரா பைலாக எடுத்தால் படத்துக்கு 25 எம்பி வரை போகலாம், அப்போது 180 ஜிபியைத் தாண்டும். எதுவானாலும் இரண்டு இடத்தில் பிரதி வேண்டும். முதல் தடவை நாலாவது மாதத்தில் என் மெமரி கார்டு படிக்க முடியாமல் போனது, பதினொரு நாள் படம் போயே போய்விட்டது. அதில் ஒரு படம் இன்னும் கண்ணுக்குள்ளேயே நிற்கிறது, அதனால்தான் இதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

போனில் கட்டக் கோடுகளை இயக்கிவையுங்கள். முகத்தை அழகாக்கும் வசதியை நிறுத்துங்கள். கோடு இல்லாமல் கடலை எடுத்தால் தொடுவானம் சாயும், கடல் ஒரு பக்கம் வழிந்து ஊற்றுவதுபோல் இருக்கும். புதிதாக வருபவர்களின் முதல் வாரப் படங்களில் நான் பார்க்கும் முதல் பிழை இதுதான்.

2. உப்பையும் மணலையும் சமாளிக்கத் தெரிந்துகொண்டு கிளம்புங்கள்

இதைக் கடைசியில் சொன்னால் அதற்குள் ஒரு லென்ஸ் போயிருக்கும், அதனால் இங்கேயே சொல்லிவிடுகிறேன். கடற்காற்றில் அரை மணி நேரம் நின்றாலே லென்ஸ் கண்ணாடி மேல் மெல்லிய உப்புப் படலம் படிந்துவிடும். அதைக் கவனிக்காமல் எடுத்தால் சூரியனைச் சுற்றிப் பால் ஊற்றியதுபோல் வெளுத்துப்போகும், ஏதோ கேமராவே கெட்டுவிட்டது என்று நினைத்துக்கொள்வார்கள்.

துடைப்பதற்கும் வரிசை உண்டு. முதலில் ஊதுபந்தால் மணலை ஊதுங்கள். அடுத்து நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த மெல்லிய துணியால் ஒற்றி எடுங்கள், அப்புறம்தான் காய்ந்த துணி. நேரடியாகச் சட்டை நுனியால் தேய்த்தால் உப்புக் கல்லும் மணலும் கண்ணாடியைக் கீறிவிடும். காற்றடிக்கும்போது வெளியே நின்று லென்ஸ் மாற்றாதீர்கள். பையை மணலில் வைக்காதீர்கள், வைத்தால் ஜிப்பைத் திறக்கும்போது மணல் உள்ளே போகும்.

ஏசி அறையிலிருந்து நேராகக் கடற்கரைக்குக் கொண்டுபோனால் லென்ஸில் ஆவி படிந்துவிடும், ஈரம் உள்ளே இறங்கவும் வாய்ப்பு உண்டு. ஜிப் உள்ள பிளாஸ்டிக் கவரில் போட்டு எடுத்துப் போய், வெளிச்சூட்டுக்கு ஈடாகும்வரை கால் மணி நேரம் விட்டுத் திறங்கள். போன் சார்ஜ் துளையில் ஈரம் இருக்கிறது என்று காட்டினால் இரவு முழுக்கக் காயட்டும், அவசரப்பட்டுச் சொருகாதீர்கள்.

3. விதிகளை முன்னாடியே நோட்டில் எழுதுங்கள்

நாள் என்றால் எது முதல் எது வரை, எது அன்றைய படம், ஒரு நாள் தவறினால் என்ன செய்வது, இந்த மூன்றையும் முதல் பக்கத்தில் எழுதிவிடுங்கள். நடுவில் முடிவு செய்தால் சோம்பலுக்குச் சாதகமாகத்தான் முடிவு செய்வோம்.

என் விதிகள் இவை. தூங்கி எழுந்ததிலிருந்து திரும்பத் தூங்கும்வரை ஒரு நாள். அன்று எடுத்த படம்தான் அன்றைய படம், நேற்று மிச்சமிருந்தது கணக்கில் வராது. ஒரு நாள் விட்டுப்போனால் போனதுதான், மறுநாள் இரண்டு எடுத்து ஈடுகட்டக் கூடாது. ஈடுகட்ட இடம் கொடுத்தால் ஒன்று மூன்றாகும், மூன்று ஏழாகும், ஏழு நாள் கடனை அடைக்க யாரும் காலையில் எழுந்து போக மாட்டார்கள்.

20 படம் என்ற எல்லையும் விதிதான், அதில் ஒன்றைத்தான் இரவில் அன்றைய படமாக வைப்போம். எண்ணிக்கை குறைவாக இருந்தால்தான் அமுக்கும் முன் கண் யோசிக்கும்.

4. நடந்து போகும் தூரத்தில் மூன்று இடம் குறியுங்கள்

ஆண்டு முழுக்க ஊர் சுற்ற முடியாது. வீட்டிலிருந்து கால் மணி நேரத்துக்குள் மூன்று இடம் போதும்: தண்ணீர் தெரியும் ஓர் இடம், ஆட்கள் வேலை செய்யும் ஓர் இடம், வெயில் மழை எதுவானாலும் எடுக்க முடிகிற ஓர் இடம். எனக்கு வடக்குக் கரை, மீன் இறங்குதளம், அப்புறம் எங்கள் வீட்டு அடுப்படி ஜன்னல். தேவிபட்டினத்துக்காரருக்குக் கடலுக்குள் நவக்கிரகக் கற்கள் நிற்கும் நவபாஷாணப் பக்கம் இருக்கும், கீழக்கரைக்காரருக்குப் பழைய தெருக்கள், வாலிநோக்கத்துக்காரருக்கு உப்பளம்.

நம் கரைக்கு இன்னொரு வசதியும் உண்டு. ராமேசுவரம் தீவிலும் மண்டபத்திலும் வடக்கே பாக் நீரிணை, தெற்கே மன்னார் வளைகுடா. தென்மேற்குக் காற்றுக் காலத்தில் தெற்குப் பக்கம் கொந்தளிக்கும்போது வடக்கு அமைதியாகக் கிடக்கும். வாடைக் காலத்தில் அது அப்படியே மாறும். தனுஷ்கோடிக்காரர்கள் ஆண் கடல், பெண் கடல் என்று சொல்வது இந்த இரண்டு கடலையும்தான். அலை வேண்டுமா, கண்ணாடி மாதிரித் தண்ணீர் வேண்டுமா என்று பார்த்துக் கரையை மாற்றிக்கொள்ளலாம்.

மூன்று இடத்தில் ஒன்றில், கிழக்கே பார்த்து ஒரு பனையோ கம்பமோ தெரியும்படி நிற்கும் புள்ளியை அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள், ஒரு கல்லோ படியோ எதுவாவது. இதை ஒற்றைப் பனைப் படம் என்று சொல்வேன். மாதம் ஒரு தடவை அதே புள்ளியில் நின்று உதயத்தை எடுக்க வேண்டும். ஏப்ரலில் சூரியன் நேர்கிழக்குக்குக் கொஞ்சம் வடக்கே உதிக்கும், ஜூன் கடைசிவரை இடது பக்கமாக நகர்ந்துகொண்டே போகும், திரும்பி வந்து டிசம்பர் கடைசியில் பனைக்கு வலது பக்கம் வெகுதூரம் தள்ளிப் போய்விடும். உத்தராயணம், தட்சிணாயனம் என்று காலண்டரில் படித்தது பன்னிரண்டு படத்தில் தெரியும். எந்த மாதம் எந்தச் சுவரில் வெளிச்சம் விழும் என்று மனக்கணக்காகச் சொல்ல இது பழக்கிவிடும்.

5. ஏப்ரல் 14 அன்று ஆரம்பியுங்கள்

ஜனவரி 1 அன்று ஆரம்பிக்கத்தான் எல்லோருக்கும் ஆசை. நான் சித்திரை முதல் நாளைச் சொல்கிறேன், காரணம் மறுநாள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் கிழக்குக் கரையில் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் எல்லாம் வரிசையாகக் கட்டிக் கிடக்கும், சிலதைக் கரையில் ஏற்றி வண்ணம் அடிப்பார்கள், கிழிந்த வலைகளைப் பரப்பி உட்கார்ந்து பின்னுவார்கள். எடுக்க வேண்டியது நகராமல் நிற்கிறது, எடுக்கப்படுபவருக்கும் பேச நேரம் இருக்கிறது. புதிதாக ஆரம்பிப்பவருக்கு இதைவிட என்ன வேண்டும்?

வேறு மாதத்தில்தான் முடியும் என்றாலும் குற்றமில்லை, ஆனால் எந்த மாதம் ஆரம்பித்தாலும் முதல் இரண்டு மாதம் நகராதவற்றையே எடுங்கள்.

6. கேட்டுவிட்டு எடுங்கள், சிலதை எடுக்காமல் விடுங்கள்

கரையில் வேலை செய்பவர்களைத் தூரத்திலிருந்து திருட்டுத்தனமாக எடுப்பதுதான் புதியவர்களின் இரண்டாவது பெரிய பிழை. படமும் முதுகாகவே வரும். முதல் இரண்டு நாள் கேமராவைப் பையிலேயே வைத்துவிட்டு, "என்னண்ணே, தடை முடிய இன்னும் எத்தனை நாள் இருக்கு" என்று பேச்சுக் கொடுங்கள்.

பாம்பனில் வலை பின்னிக்கொண்டிருந்த ஒரு பெரியவர் என்னிடம் கேட்டார்: "எங்க தம்பி கொண்டுபோய்க் காட்டப் போறீங்க? போன தடவ ஒருத்தரு இப்படித்தான் எடுத்துட்டுப் போனாரு, படத்த இன்னும் எங்க கண்ணுல காட்டல." ஞாயிற்றுக்கிழமை கொண்டு வந்து தருகிறேன் என்று சொல்லி, ஸ்டூடியோவில் நாலுக்கு ஆறு அளவில் பிரிண்ட் போட்டுக் கொடுத்தேன். அதற்கப்புறம் அந்தக் கரையில் எனக்கு யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை, இருந்தாலும் கேட்டேன். வாரம் இரண்டு பிரிண்ட் இதற்கென்று ஒதுக்குங்கள்.

அக்னி தீர்த்தத்தில் நீராடுபவர்களையும் திதி கொடுப்பவர்களையும் எடுக்காதீர்கள். அழுதுகொண்டு பிண்டம் வைக்கிற மனிதர் உங்கள் பயிற்சிக்காக அங்கே வரவில்லை. சின்னப் பிள்ளைகளை எடுக்கும் முன் வீட்டாரிடம் கேளுங்கள். கடல்பாசி எடுக்கப் போகும் அக்காமார் கரை ஏறும்போது ஈர உடையில் இருப்பார்கள், அவர்கள் உட்கார்ந்து மூச்சு வாங்கி, நீங்கள் கேட்டு, அவர்கள் சரி என்ற பிறகு கையையும், நீருக்குள் போட்டுக்கொள்ளும் கண்ணாடியையும், விரலில் சுற்றிய துணியையும் படம் எடுங்கள்.

ராமநாதசுவாமி கோயிலுக்குள் போனும் கேமராவும் கொண்டுபோக முடியாது, வெளியே வைத்துவிட்டுப் போக வேண்டும். உச்சிப்புளி கடற்படை விமானத் தளம், கடலோரக் காவல்படை இருக்கும் இடங்கள் பக்கம் கேமராவைத் திருப்பாதீர்கள். இது எல்லைக் கடல், அனுமதி இல்லாமல் ட்ரோன் பறக்கவிட்டால் சிக்கல்தான். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986 முதல் கடல்சார் தேசியப் பூங்கா, வனத்துறை அனுமதி இல்லாமல் கால் வைக்கக் கூடாது, தெரிந்தவர் படகு என்றாலும் சரி.

7. இரவுக் கால் மணி நேரம்: இதை விட்டால் எதுவும் வராது

ஒன்றே ஒன்றைத்தான் இந்த வழிகாட்டியில் எடுத்துக்கொள்வேன் என்றால் இதை எடுத்துக்கொள்ளுங்கள். படம் எடுக்கும்போது கண் பரபரப்பாக இருக்கும், ஒன்றும் மனதில் ஏறாது. அன்று இரவே 20 படத்தையும் ஒன்றன்பின் ஒன்றாகப் பார்த்து, ஒன்றை மட்டும் வைத்து, அது ஏன் என்று ஒரு வரி எழுதும்போதுதான் ஏறுகிறது. நாளைக்குப் பார்க்கலாம் என்று தள்ளினால், எங்கே நின்றோம், வெளிச்சம் எந்தப் பக்கம் இருந்தது என்பதே மறந்துவிடும், அப்புறம் பார்த்துப் பயனில்லை.

செய்ய வேண்டியது இவ்வளவுதான். படங்களைக் கணினிக்கோ வேறு கார்டுக்கோ மாற்றுங்கள். பளிச்சென்று கெட்டதை முதல் சுற்றில் நீக்குங்கள். மிச்சத்தில் ஒரே மாதிரி இரண்டு இருந்தால் பக்கத்தில் வைத்து ஒன்றை அடியுங்கள். கடைசியில் நிற்பதற்கு 2026-04-22 என்பதுபோல் ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் பெயர் கொடுங்கள், அப்போதுதான் தானாகவே ஒழுங்காக அடுக்கிக்கொள்ளும். அப்புறம் நோட்டு.

நோட்டில் என்ன எழுதுவது என்று கேட்பார்கள். என் நோட்டிலிருந்து: "வலை பின்னும் கை. வலையைக் கால் பெருவிரலில் மாட்டி இழுத்துப் பிடித்திருக்கிறார், அந்த விரல் ஓரத்தில் வெட்டுப்பட்டுவிட்டது. அரை அடி பின்னால் போயிருக்க வேண்டும்." இவ்வளவுதான். அடுத்த நாள் அதே இடத்துக்குப் போய் அரை அடி பின்னால் நின்றேன். கை, ஊசி, நரம்பு, பெருவிரல் எல்லாம் ஒரே கோட்டில் வந்தது, அந்தக் கோடுதான் அந்த வேலையே. நன்றாக வந்தது, சுமாராக வந்தது என்று எழுதாதீர்கள், மறுநாள் என்ன செய்வது என்று அது சொல்லாது.

நண்பருக்கு அனுப்பிக் கருத்துக் கேட்பதானால் வாட்ஸ்அப்பில் ஆவணமாக அனுப்புங்கள், படமாக அனுப்பினால் சுருக்கிவிடும். முதல் மூன்று மாதம் யாருக்கும் அனுப்பாமல் இருந்தால் இன்னும் நல்லது என்பது என் எண்ணம். விருப்பக் குறி வாங்கும் படத்தையே திரும்பத் திரும்ப எடுக்கும் பழக்கம் வந்துவிடுகிறது, இந்தக் கரையில் அது எப்போதும் உதயப் படம்தான்.

8. முதல் 61 நாள்: நகராதவை

முதல் மாதம் எல்லாம் ஆட்டோவில் இருக்கட்டும். கவனிக்க வேண்டியது இரண்டு: எங்கே நிற்கிறோம், வெளிச்சம் எங்கிருந்து வருகிறது. ஒரு நாள் ஒரு பொருள் என்று வையுங்கள். நங்கூரம், படகின் கண், காயும் நெத்திலி, ஏதாவது ஒன்று. அதை முன்னால், பக்கவாட்டில், பின்னால், தரையோடு தாழ்ந்து, மேலிருந்து என்று ஐந்து இடத்தில் நின்று எடுங்கள். காலை ஏழு மணிக்குப் பக்கவாட்டு வெளிச்சத்தில் நெத்திலி ஒவ்வொன்றும் வெள்ளிக் கம்பி மாதிரித் தனித்தனியாக மின்னும், பகல் பன்னிரண்டுக்கு அதே நெத்திலி சாம்பல் பாயாகக் கிடக்கும். இரண்டையும் ஒரே நாள் எடுத்துப் பார்த்தவருக்கு வெளிச்சம் பற்றி நான் எதுவும் சொல்ல வேண்டியதில்லை.

ஏப்ரல் நடுவில் நம் ஊரில் உச்சி வேளையில் சூரியன் ஏறத்தாழ நேர் தலைக்கு மேல் நிற்கும், கம்பத்தின் நிழல் கம்பத்தடியிலேயே அடங்கிவிடும். ஆகஸ்ட் கடைசியிலும் இப்படி ஒரு தடவை வரும். மனிதர் முகத்தை எடுத்தால் கண்குழி கறுத்துவிடும், அதனால் அந்த நேரத்தில் ஓலைக் கொட்டகைக்குள் போங்கள். கொட்டகை வாசலில் நின்றால் மணல் எதிரொளித்து முகத்தில் விழும் வெளிச்சம், எந்த விளக்கும் தராத மென்மையோடு இருக்கும்.

இரண்டாம் மாதம் எக்ஸ்போஷர், அதாவது படத்தில் பதியும் வெளிச்சத்தின் அளவு. கேமரா எதைப் பார்த்தாலும் அதை நடுத்தரச் சாம்பல் வெளிச்சத்துக்குக் கொண்டுவரப் பார்க்கும். அதனால் வெள்ளை மணல், உப்புக் குவியல் எல்லாம் அழுக்காக வரும், கறுப்புத் தார் பூசிய படகு வெளுத்து வரும். வெள்ளை அதிகம் என்றால் ஒரு படி கூட்டுங்கள், கறுப்பு அதிகம் என்றால் ஒரு படி குறையுங்கள். போனில் தொட்டதும் வரும் சூரியக் குறியை மேலும் கீழும் நகர்த்துவது இதற்குத்தான். வானத்தைப் பின்னால் வைத்து ஆளை எடுத்தால் முகம் இருண்டுபோகும், விரலை வானத்தில் வைக்காமல் முகத்தில் வையுங்கள்.

கேமராக்காரர்களுக்கு ஒரு பழைய கணக்கு. அப்பர்ச்சர் என்பது லென்ஸ் துளையின் அளவு, ஐஎஸ்ஓ என்பது வெளிச்சத்தை உணரும் அளவு, ஷட்டர் வேகம் என்பது வெளிச்சம் உள்ளே விழும் நேரம். நல்ல வெயிலில் அப்பர்ச்சர் எஃப்16, ஐஎஸ்ஓ 100 என்றால் ஷட்டர் வேகம் 1/100 நொடிக்குப் பக்கம். வெள்ளை மணல் கரையில் எஃப்22 வரை போகலாம். இதை மனப்பாடமாக வைத்துக்கொண்டால் கேமரா தப்பாகச் சொல்லும்போது கண்டுபிடித்துவிடலாம்.

9. ஜூன் 15 முதல் செப்டம்பர்: நகர்பவை

தடை முடிந்து படகு கடலுக்குப் போகும் நாள் கரையே வேறு கரையாகிவிடும். இப்போது ஷட்டர் வேகத்தை மட்டும் கற்றுக்கொள்ளுங்கள், வேறெதையும் தொடாதீர்கள். போனில் அப்பர்ச்சர் பெரும்பாலும் மாறாது, கேமரா செயலியில் புரோ என்ற பகுதி இருந்தால் அதில் ஷட்டரும் ஐஎஸ்ஓவும் மாற்றலாம், அது போதும்.

எதற்கு எவ்வளவு என்று சொல்லிவிடுகிறேன். வலை பின்னும் கை 1/125. கரைக்கு வரும் நாட்டுப்படகு 1/500. வீச்சுவலை விரியும் கணத்துக்கு 1/1000க்குக் குறையாமல். மீன் கூடையோடு போகும் இருசக்கர வண்டியை 1/30ல் வைத்து, அது போகும் வேகத்துக்கே உடம்பையும் திருப்பிக்கொண்டு அமுக்கினால் வண்டி தெளிவாகவும் பின்புறம் கோடாகவும் வரும். அலை பனி மாதிரி வர வேண்டுமென்றால் அந்தி மங்கியபின் அரை நொடி முதல் ஒரு நொடி, ட்ரைபாட் இல்லாவிட்டால் மணல் நிரப்பிய சாக்குப் பை மேல் வைக்கலாம்.

வீச்சுவலையில் எல்லோரும் தாமதமாகவே அமுக்குகிறார்கள். வலையைப் பார்த்தால் பிந்திவிடும், தோளைப் பாருங்கள். தோள் பின்னால் திரும்பி ஒரு கணம் நிற்கும், அது திரும்ப ஆரம்பிக்கும்போதே அமுக்க வேண்டும். எனக்கு ஒன்பது நாள் பிடித்தது.

கரைவலை இழுப்பதையும் இந்தக் காலத்தில் பாருங்கள். கயிற்றின் கோடு படத்துக்குள் கண்ணைக் கூட்டிக்கொண்டு போகும், இழுப்பவர்கள் சாய்ந்திருக்கும் கோணம் ஒரே மாதிரி வரும் தருணத்துக்குக் காத்திருங்கள். வழியில் நின்றுவிடாதீர்கள், கயிறு காலைத் தட்டிவிடும், அவர்கள் வேலையும் கெடும்.

பாம்பனில் 2025ல் திறந்த புதிய ரயில் பாலத்தின் 72.5 மீட்டர் தூக்கும் பகுதி நேராக மேலே போவது. அதை எடுக்கும்போது கேமராவை மேல்நோக்கிச் சாய்த்தால் தூண்கள் உள்பக்கமாகச் சரிந்து தெரியும். பின்னால் தள்ளிப் போய், கேமராவைச் சமமாகப் பிடித்து, தேவையில்லாத கீழ்ப்பகுதியைப் பின்னர் வெட்டிக்கொள்ளுங்கள். சாலைப் பாலத்தில் வண்டியை நிறுத்தி எடுக்க வேண்டாம், அங்கே காற்று ஆளைத் தள்ளும், பின்னால் பேருந்து வரும். கீழே கரையிலிருந்தே நன்றாக வரும்.

10. அக்டோபர் முதல் டிசம்பர்: வெளிச்சம் குறைந்த நாட்கள்

பாதியில் விடுபவர்கள் இரண்டாவது கூட்டமாக இங்கேதான் விடுகிறார்கள். வானம் மூடிக் கிடக்கிறது, மழை, கரண்ட் போகிறது, எடுக்க ஒன்றுமில்லை என்பார்கள். என் படங்களில் எனக்குப் பிடித்தவை பாதிக்கு மேல் இந்த மூன்று மாதத்தில் எடுத்தவை. மூடிய வானம் பெரிய வெள்ளைத் துணி கட்டிய மாதிரி, நிழலே கடுமையாக விழாது, முகம் எடுக்க இதைவிட நல்ல காலம் இல்லை.

ஐஎஸ்ஓவை இப்போது கற்றுக்கொள்ளுங்கள். 1600, 3200 என்று ஏற்றினால் புள்ளிபுள்ளியாகத் தெரியும், தெரியட்டும். ஆடிப்போன படத்தைச் சரிசெய்ய முடியாது, புள்ளி இருந்தால் பார்க்க முடியும். ஈரத் தெருவில் கடை விளக்கு விழுவது, டீக்கடை ஆவி, குடைக்குள் போகும் பள்ளிப் பிள்ளைகள் எல்லாம் கிடைக்கும். நெகிழிக் கவரில் லென்ஸ் அளவுக்கு ஓட்டை போட்டு ரப்பர் பேண்ட் மாட்டினால் மழைக்குப் போதும்.

பாம்பன் துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றினால் கரைக்குப் போகாதீர்கள். அலை நன்றாக இருக்கும் என்று போகத் தோன்றும். 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி என்ன ஆனது என்று இந்தக் கரையில் எல்லோருக்கும் தெரியும். அந்த நாட்களுக்குத்தான் மூன்றாவது இடம், வீட்டு ஜன்னல். ஒரு சங்கை ஜன்னலோரம் வைத்து, ஒரு பக்கம் வெள்ளைத் தாள் பிடித்து நிழலைத் தூக்கியும், தாளை எடுத்துவிட்டு நிழலை இறக்கியும் எடுத்துப் பாருங்கள். ஒரு வாரம் புயல் நின்றாலும் அந்தச் சங்கே போதும்.

11. தை முதல் பங்குனி வரை: வண்ணமும் தொடர் படமும்

மழை கழுவிய காற்று, உதயம் ஆறரையை ஒட்டி. சீக்கிரம் எழ முடியாதவர்களுக்கு இதுதான் வசதியான காலம், ஜூனில் ஆறுக்கு முன்னாலேயே உதித்துவிடும்.

வண்ணத்தை இப்போது பாருங்கள். ஒரு வாரம் ஒரு வண்ணம். கரையை விட்டு உள்ளே தள்ளிப் போனால் களத்தில் உருண்டையான முண்டு மிளகாய் காயும். அந்தச் சிவப்பைச் சாதாரணமாக எடுத்தால் ஒரே சிவப்புப் பூச்சாக வரும், மிளகாயின் சுருக்கமும் மினுக்கமும் காணாமல் போகும். அரைப் படி குறைத்து எடுங்கள், ஒவ்வொன்றும் தனியாகத் தெரியும். கணினியில் வண்ணத்தை ஏற்றுவதைத் தவிருங்கள், கடல் நீலத்தை ஏற்றினால் அது எந்த ஊர்க் கடலாகவும் ஆகிவிடும்.

பூநாரைகள் தனுஷ்கோடிப் பக்கம் வரும், நீண்ட லென்ஸ் இல்லாதவர்கள் அவற்றைத் துரத்தாதீர்கள். கிட்டே போனால் பறந்துவிடும், இரை தேடும் நேரம் அவற்றுக்கும் வீண். தூரத்தில் இளஞ்சிவப்புக் கோடாக, பெரிய வானத்துக்குக் கீழே சின்னதாக எடுங்கள், அதுவும் நல்ல படம்தான்.

இந்தக் கடைசிப் பகுதியில் ஒற்றைப் படத்தைத் தாண்டி ஐந்து நாள் தொடர் செய்து பாருங்கள். பதநீர் இறக்குவதை எடுத்துக்கொண்டால் முதல் நாள் மரமும் ஆளும் தூரத்தில், இரண்டாம் நாள் கால் பிடிக்கும் இடம், மூன்றாம் நாள் பாளை சீவுவது, நாலாம் நாள் கலயம், ஐந்தாம் நாள் அவர் வீட்டு அடுப்பில் கருப்பட்டி காய்வது. தூரம், நடு, கிட்டே என்று மூன்றும் இருந்தால்தான் தொடர் நிற்கும். புதியவர்கள் ஐந்து நாளும் நடுத்தூரத்திலேயே நின்றுவிடுகிறார்கள்.

12. நடுவில் நின்றுபோனால்

காய்ச்சல், பரீட்சை, வீட்டில் இறப்பு, எல்லாம் வரும். நாலு நாள் விட்டால் ஐந்தாவது நாள் தேதியைப் போட்டுத் தொடருங்கள், நோட்டில் அந்த நாலு வரியைக் காலியாக விடுங்கள். ஒரு மாதத்துக்கு மேல் போய்விட்டால் மட்டும் திரும்பி வந்து முதல் வாரம் ஆட்டோவில், ஜன்னல் வெளிச்சத்தில் ஆரம்பியுங்கள். நேராக விட்ட இடத்தில் குதித்தால் பழைய படத்தோடு ஒப்பிட்டு மனம் விட்டுப்போகும்.

ஞாயிறுதோறும் ஏழு படத்தையும் ஒரே திரையில் வைத்துப் பாருங்கள். ஏழிலும் பொருள் நடுவிலேயே இருக்கிறதா, ஏழும் ஒரே உயரத்திலிருந்து எடுத்ததா? அப்படியென்றால் அடுத்த வாரம் அதை மட்டும் மாற்றுங்கள். மாதக் கடைசியில் ஒன்றைப் பிரிண்ட் போட்டுச் சுவரில் ஒட்டுங்கள். திரையில் தெரியாத தவறு, போகும்போதும் வரும்போதும் பார்க்கையில் காகிதத்தில் தெரியும்.

13. கடைசி நாள்

அடுத்த ஏப்ரல் 14 அன்று, அதே கல்லில் நின்று, அதே லென்ஸில், ஒற்றைப் பனையை எடுங்கள். சூரியன் ஓர் ஆண்டு சுற்றி முதல் படத்தில் இருந்த இடத்துக்கே வந்திருக்கும். இரண்டு படத்தையும் ஒரே அளவில் பிரிண்ட் போட்டுப் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். தொடுவானம் நேராக இருக்கிறதா, பனையின் அடி வெட்டுப்பட்டிருக்கிறதா, வெளிச்சம் மணலில் எவ்வளவு தூரம் வருகிறது என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். அப்புறம் நோட்டைத் திறந்து, எந்த நாளும் போல அன்றைய வரியை எழுதிவிட்டுப் படுங்கள்.